பொன்னையா அண்ணாச்சி அடைக்காத ஓட்டை

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் போகக் காரை வெளியே எடுத்தபோது பாக்கியம் அக்கா போன் செய்தார். "அவரு போயிட்டாரும்மா" என்றார். ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் முப்பது வருஷம் கார் பழுதுபார்த்த அவருடைய கணவர், பொன்னையா அண்ணாச்சி, இனி இல்லை.

நம் தெருச் சங்க மலரைப் படிப்பவர்களில் அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். வண்டியைத் தொடுமுன் ஓட்டுகிறவரிடம் கால் மணி நேரம் விசாரிப்பார். எந்த டாக்டரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் ஓட்டப் பழகிய புதிதில், என் கணவரைத் தேடாமல் என்னிடமே வண்டியைப் பற்றிப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் பழைய காரின் என்ஜினிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. அண்ணாச்சி குனிந்து, வாட்டர் பம்பின் அடியில் கம்பெனியே விட்டிருந்த சிறு ஓட்டையைக் காட்டினார்.

"இது வழியா தண்ணி வந்தா உள்ள சீல் போச்சுன்னு அர்த்தம், மேடம். ஒழுகுதேன்னு அடைச்சிரப்பிடாது. அடைச்சா தண்ணி பேரிங்குக்குப் போவும். புதுப் பம்பு திங்கக்கிழமை வரும். அதுவரை தூரமா கொண்டுபோவாண்டாம், கேட்டேளா."

ஞாயிற்றுக்கிழமை வித்துராவில் ஒரு கல்யாணம். "அத்தனை தூரம் இவ ஓட்டறதாவது? டிரைவரைக் கூப்பிடு" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வீம்பு. சனிக்கிழமை ஒட்டுப்பசை வாங்கி அந்த ஓட்டையை நானே அடைத்தேன். "அண்ணாச்சி சரிபண்ணிட்டார்" என்று வீட்டில் கூசாமல் பொய் சொன்னேன்.

வித்துராவை நெருங்கும்போது பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. மாமியார் பட்டுப்புடவையோடு ரோட்டோரம் நின்றார். முகூர்த்தம் தவறிவிட்டது. என் கணவர் கோபமாகச் சொன்னார்: "தப்பு யார் மேலேன்னு மெக்கானிக் சொல்லட்டும். உன் மேலேன்னா சாவியை அம்மாகிட்டே குடுத்துடு. இனிமே ஓட்ட வேண்டாம்."

மறுநாள் கணவர் அந்தச் சாவிப் பேச்சை அவரிடமும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க, அண்ணாச்சி பம்பைக் கழற்றினார். ஓட்டையில் என் பசை கட்டியாக இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். அவர் பம்பைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, "நான்தான் சாரே கவனிக்காம விட்டுட்டேன். மேடத்து மேல ஒரு தப்புமில்ல" என்றார்.

சாவி என்னிடமே இருந்தது. ஆனால் மாமியார் சொல்லிச் சொல்லி அந்தக் கதை தெருவெங்கும் பரவியது. உங்களில் பலர் அவரிடம் வண்டி விடுவதை நிறுத்தினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை, பயந்தாங்கொள்ளி. பிறகு ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அத விடுங்க மேடம். பிரேக் எப்படி இருக்கு?" என்றார்.

செவ்வாய் மதியம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். குளிப்பாட்டியும் நகங்களில் கிரீஸ் கறுப்பு போயிருக்கவில்லை. பாக்கியம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்குத் தெரியும்மா. அன்னைக்கே சொன்னாரு" என்றார் அக்கா. "'எனக்கு வேற தெருவுல வண்டி கெடைக்கும். அவங்களுக்கு அந்த வீட்டுல வேற சாவி கெடைக்காது'ன்னாரு."

திரும்பும் வழியில் கணவரிடமும் சொன்னேன். அவர், "மலர்ல எழுது. எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன். அண்ணாச்சி, ஓட்டையை அடைத்தது நான்தான். நீங்கள் உயிரோடிருந்தபோதே தெருவில் நின்று சொல்லியிருக்க வேண்டும். போய்வாருங்கள்.