மூன்றாவதாக இறங்கிய பூங்கொடி

பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டதும் மாவு மில் மோட்டார் கிளம்புகிற மாதிரி முதலில் ஓர் உறுமல் வரும், பிறகு டப்பா முழுக்க அதிரும், அந்த அதிர்வில் பெரியம்மா அதன்மேல் போர்த்தி வைத்திருந்த பூப்போட்ட உறை நழுவி என் மடியில் விழும். அதன் பிளாஸ்டிக் வாடை, முழுப்பரீட்சை லீவில் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் போனவுடன் என் மூக்கு தேடுகிற முதல் வாடை.

கம்ப்யூட்டர் வாங்கியது என்னவோ பெரியப்பா மகன் பிரபு அண்ணனின் இன்ஜினியரிங் படிப்புக்குத்தான். அதில் நடந்தது முழுக்க கிரிக்கெட். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் எங்கள் தெருப் பையன்கள் என்னை "உப்புக்குச் சப்பாணி"யாகக்கூடச் சேர்க்க மாட்டார்கள். வீட்டிலும் அதே கதை. டிவியில் மேட்ச் என்றால் அப்பா தெருவில் போகிற பையன்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, யார் எப்படி அவுட் ஆனார்கள் என்று விரல்நுனியில் வைத்திருந்த என்னைப் பார்த்து, "பாப்பா, எல்லாருக்கும் தண்ணி மோந்து குடு" என்பார். மனுஷர் கெட்டவரில்லை, மகள் ஒருத்தி கிரிக்கெட் பார்ப்பாள் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

அந்த லீவில் பிரபு அண்ணன் திருச்சியிலிருந்து புது கிரிக்கெட் கேம் வாங்கி வந்திருந்தான். திறந்து பார்த்தால் எங்களுக்கு வயிறு எரிந்தது. நம் ஆட்கள் ஒருவர் பெயர்கூட ஒழுங்காக இல்லை. ஒருவருக்கு ஓர் எழுத்து கூடுதல், இன்னொருவருக்கு ஓர் எழுத்து குறைவு, ஒருவர் பெயர் ஆளே மாறிக் கிடந்தது. "டூப்ளிகேட்" சிடி போட்டவன் தப்பும் தவறுமாக அச்சடித்துவிட்டான் என்று முடிவு செய்து, சரியான பெயர் போட்ட சிடியாக மாற்றி வாங்கி வர நாங்கள் இருவரும் மறுநாளே திருச்சிக்கு பஸ் ஏறினோம். கடைக்காரரிடம் நான்தான் சண்டை போட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

"ஒரிஜினல் சிடியிலயும் இப்படித்தான் பாப்பா இருக்கும். நெசப் பேரைப் போட உரிமை வாங்கணும். அதை வேற ஒரு கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்துட்டான். அவனைத் தவிர வேற எவனும் போடக்கூடாது."

திரும்பி வந்து சொன்னபோது பெரியப்பா, "பேரையெல்லாமாடா குத்தகைக்கு விடுவானுங்க?" என்று வாயைப் பிளந்தார். பெரியம்மாவுக்குத்தான் சட்டென்று விளங்கியது. அவருக்குப் பிறந்த ஊர் பாடாலூர். "எங்கூர்ல ரோட்டோரப் புளியமரத்தை ஏலம் எடுத்தவன், கீழ உதுந்து கெடக்கற பழத்தைக்கூட நம்மளத் தொட விட மாட்டான்ல, அது மாதிரிதாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகுதான் பிரபு அண்ணன் அந்தக் கேமுக்குள்ளேயே பெயர் மாற்றுகிற பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அவன் சொல்லச் சொல்ல நான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எல்லாப் பெயர்களையும் திருத்தினேன். மூன்றாவதாக இறங்குகிறவரிடம் வந்ததும் அவன், "இந்த ஆளு எப்பப் பாரு டக்அவுட்டு. விடு, உன் பேரைப் போட்டுக்க" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். நிஜமாகத்தான் சொன்னான். ஆங்கிலத்தில் பூங்கொடி என்று அடித்துவிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் இறங்கியது என்னவோ மீசை வைத்த ஆள்தான். "ஹெல்மெட் போட்டா யாருக்குத் தெரியப் போவுது" என்று அதற்கும் அண்ணனே சமாதானம் சொன்னான். ஒரு மத்தியானம், பெரியப்பா கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, மீசைக்காரப் பூங்கொடி நூற்றுப் பதினெட்டு அடித்தாள். ஸ்கோர் பலகையில் என் பெயருக்கு நேராக அந்த எண் நின்றது. ஊருக்குக் கிளம்பும்போது அதை அழித்துவிடாதே என்று அண்ணனிடம் சத்தியம் கேட்டேன். "நான் இருக்கற வரைக்கும் மூணாவது எடம் உனக்குத்தான். போயிட்டு வா" என்று என் தலையில் குட்டினான்.

அந்த வருஷம் முழுக்க அப்பாவை நச்சரித்தேன். நூற்றுப் பதினெட்டு என்று நான் சொல்லும்போதெல்லாம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பார். கடைசியில் ஒருநாள், "சரி, லீவுக்குக் கொண்டாந்து விடும்போது பாக்கறேன். எம் பொண்ணு பேட்டிங்கை நானும் பாத்துடறேனே" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு போன் போட்டால், கடைசியாக நான் பிரபு அண்ணனிடம் கேட்பது ஒன்றுதான்: பத்திரமாக இருக்கிறதா? "இருக்கு, இருக்கு, வையி போனை" என்பான்.

லீவு விட்டதும் அப்பாவோடு போனேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, "எங்க, காட்டு" என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சிடி உறுமியது, உறை மடியில் விழுந்தது, திரை திறந்தது. வேறு திரை. வேறு பாட்டு. நீலச் சட்டையில் நம் ஆட்கள் அசல் முகத்தோடு வரிசையாக நின்றார்கள், ஓர் எழுத்துப் பிசகாமல் அவரவர் பெயரோடு. மூன்றாவது இடத்தில் அந்த டக்அவுட்டு ஆசாமி, அவருடைய சொந்தப் பெயரில். பெயர் மாற்றுகிற பக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். அது இல்லவே இல்லை.

"இந்த வருசம் உரிமை இந்தக் கம்பெனிக்குக் கெடச்சுருச்சு சித்தப்பா. எல்லாமே நெசப் பேரு. ஆனா நாம மாத்த முடியாது" என்றான் பிரபு அண்ணன் பெருமையாக.

"உன் பேரு எங்க பாப்பா?" என்று அப்பா கேட்டார்.

"அது பழைய கேமு சித்தப்பா. ரெண்டுக்கும் எடம் பத்தல, அழிச்சுட்டேன். ஆறு மாசம் ஆச்சு."

ஆறு மாதம். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் "இருக்கு, இருக்கு" என்றானே, அந்த வாய்தான். அடப்பாவி என்று கத்தியிருப்பேன், அதற்குள் அப்பா சொன்னார்: "அதுவுஞ் சரிதான். நெசப் பேரு வந்தப்பறம் அது எதுக்கு? தள்ளு பாப்பா, ஒரு ஓவர் ஆடிப் பாக்கறேன்." நான் எழுந்து இடம் விட்டேன். அப்பாவும் அண்ணனும் சாயங்காலம் வரை ஆடினார்கள். நடுவில் பெரியம்மா என் கையில் காபித் தட்டைக் கொடுத்து அவர்களிடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

எங்கோ கண் காணாத ஊரில் யாரோ கையெழுத்துப் போட்டதற்குப் பெரம்பலூரில் என்னை அணியிலிருந்து தூக்கியாயிற்று. நிஜப் பெயர் வேண்டும் என்று திருச்சிக் கடையில் சண்டை போட்டவளும் நான்தான், அதுதான் கொடுமை. கம்பெனிகள்மீது எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்கள் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, பூப்போட்ட உறை இல்லை, திருச்சியில் அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பிரபு அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். அப்பா மட்டும் அப்படியே டிவி முன்னால். போன மாதம் போயிருந்தபோது பெண்கள் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக இறங்கிய பெண் நூறு அடித்து மட்டையைத் தூக்கிக் காட்டினாள், சட்டை முதுகில் அவள் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அப்பா கைதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீகூடச் சின்னதுல கம்ப்யூட்டர்ல ஆடுவீல்ல? எவ்வளவு அடிச்ச?"

"நூத்திப் பதினெட்டுப்பா."

"அடேங்கப்பா! அப்பவே எனக்குக் காட்டியிருக்கலாம்ல பாப்பா?" என்றார் அப்பா.