மேகத்துக்குள் வந்த புகை வாசம்

எருத்தேன்பதியில் தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. மதியச் சமையல் முடிந்ததும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கேம் விளையாடுவேன். எனக்கு வயது நாற்பத்தாறு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கேமில் மேகங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்ததால், நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கோயமுத்தூர் போனேன். "பெருசா ஒண்ணே போட்டுக்கோங்க்கா. ரெண்டு போட்டா பவர் சப்ளையும் மாத்தோணும்" என்றார் கடைக்காரர். நான் கேட்கவில்லை. தோப்பில் எங்களுக்கு எப்போதும் இரண்டு மோட்டார். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். அதே நினைப்பில் பழைய கார்டுகள் இரண்டை வாங்கிவந்து, கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளையை மாற்றாமல், ஒரே வயரைப் பிரித்து இரண்டுக்கும் நானே இணைப்புக் கொடுத்தேன்.

அன்று மேகங்கள் பஞ்சுப் பொதியாக உருண்டன. பனி மூடிய மலைகளின் மேல் மிதந்துகொண்டிருந்தபோது லேசாகப் புகை வாசம் வந்தது. யாரோ தோப்பில் தென்னை மட்டை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வாசமும் மலைக்காற்றோடு வருவதுபோல் சுகமாக இருந்தது. இன்னும் உயரே ஏறினேன்.

"ஏம்புள்ள, மேசைக்கடியில பொகையுது பாரு!" தோப்பிலிருந்து வந்த கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"மட்டை எரிக்கறாங்கன்னு நெனச்சனுங்க."

"நேத்துப் பேஞ்ச மழையில மட்டையெல்லாம் ஈரமாக் கெடக்குது. ஆரு எரிப்பாங்க?"

வயர் உருகி, அதை ஒட்டித் தொங்கிய ஜன்னல் திரையின் ஓரம் கருகியிருந்தது.

இப்போது ஒரே கார்டு, அதற்கேற்ற பவர் சப்ளை. புகை வாசம் வந்தால், அது மட்டை வாசமே என்றாலும், உடனே எழுந்து போய்ப் பார்க்கிறேன். நான் திரும்பி வருவதற்குள் என் விமானம் எத்தனையோ தடவை மலையில் மோதிவிட்டது. மோதட்டும்.