ஒத்தை மீனுக்கு வந்த ஜோடி

முதல் ஃபைட்டர் மீன் இன்னைக்கு வீட்டுக்கு வந்திருச்சு. நேத்தே பிடிச்சு வச்ச கிணத்துத் தண்ணி, அலசின ஆத்து மணல், ஒரு கொத்துப் பாசி. ரேடியோவுக்குப் பக்கத்துல சின்னக் கண்ணாடித் தொட்டி. என் வேலையில குறை சொல்ல முடியாது.

சேதி கேட்டு, பழங்காநத்தத்துல இருந்து தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார். கையில ஒரு பாட்டில். உள்ள இன்னொரு ஃபைட்டர்.

"ஒத்தையா வளத்தா ஆகாது மச்சான்"னு தொட்டியில ஊத்தப் போனார்.

கையைப் பிடிச்சுட்டேன். "ரெண்டும் ஆண் மீன் மாப்ள. காலையில ஒன்னுதான் மிஞ்சும்."

பாட்டிலைப் பக்கத்துல வச்சதுக்கே ரெண்டும் செவுளை விரிச்சு முறைச்சுதுக. நடுவுல காலண்டர் அட்டையைச் சொருகினேன். அடங்கிருச்சுக.

மாப்ள அந்த அட்டையைத் தொட்டுப் பாத்தார். "எங்க அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல சுவர் எழுப்பினப்ப, நானும் இப்படித்தான் அடங்கினேன்."

உங்க வீட்டுல அண்ணன் தம்பிக்கு நடுவுல அட்டையா, சுவரா?