மகளின் பால்பல்லும் சாலையில் கிடந்த புளியமரங்களும்

எங்கள் தெருவில் எனக்குப் பல்லுக்காரி என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் பெயரில் பொய் இல்லை. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் நான் வாழப்போன ஊர். கல்யாணமான முதல் மாதமே, பல் விளக்காதவருக்குக் காப்பி கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டேன். விளக்கிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, என் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். மாமனார்கூட ஊதிக் காட்டினார். "இன்னா மருமவளே, போலீஸ் ஸ்டேஷன்லகூட இப்டி கேக்கமாட்டாங்களே" என்பார். அவருக்கு அப்போது மிச்சம் இருந்தவை நாலே நாலு பற்கள். அந்த நாலையும் கடைசிவரை காப்பாற்றியது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடங்களை நினைத்தால் மாதங்கள் எல்லாம் எனக்கு நாக்கில்தான் வருகின்றன. பங்குனி என்றால் வேப்பங்குச்சியின் இளங்கசப்பு. சித்திரை என்றால் கடுக்காயின் துவர்ப்பு. கல்வராயன் மலையிலிருந்து ஓர் அக்கா சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவருவார். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை இடித்து, உப்பும் கிராம்பும் சேர்த்துச் சலித்து டப்பாவில் அடைப்பேன். மழை தொடங்கினால் ஈறு வீங்கும், படிகாரத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். வெயிலும் மழையும் மாறிமாறி வந்து போக, நான் கையில் சொம்போடு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். அந்தச் சொம்புத் தண்ணீரில் வெளிச்சம் ஆடியதுகூடக் கண்ணில் இருக்கிறது.

என் கணவர் மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் பிட்டர் வேலை பார்த்தார். அரவை ஓடுகிற மாதங்களில் அவர் சட்டையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் பாகு வாசனை வரும். ஊரெல்லாம் கரும்பு கடிக்கிற அந்தக் காலத்தில்தான் எனக்கு வேலை ஜாஸ்தி. ஒரு துண்டு கரும்பு தின்றால் ஒரு வாய் உப்புத் தண்ணீர். விருந்தாளியாக வந்த பிள்ளைகளுக்கும் அதே சட்டம். இதனாலேயே எங்கள் வீட்டுக்கு விருந்தாளி கம்மி என்று கணவர் கிண்டல் செய்வார்.

அமாவாசைக்கு அமாவாசை வாய் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். காலை வெயில் நேராக உள்ளே போய் விழும். மாமனார், கணவர், என் ஆறு வயது மகள், மூவரும் கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டு இருப்பதைப் பார்த்தால் வெயிலைக் குடிப்பதுபோல இருக்கும். நான் ஒருவர் ஒருவராகக் குனிந்து பார்ப்பேன். உலகத்தில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று நம்பிய காலம் அது.

அப்படிப் பார்த்த ஒரு நாளில்தான் மகளின் கீழ்த்தாடைக் கடைவாயில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பால்பல். எப்படியும் விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிராம்பை நசுக்கி வைத்தேன். வலி போய்விட்டது என்றாள். நானும் மறந்துவிட்டேன்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கிற நேரம். எங்கள் சனத்துக்கு இடஒதுக்கீடு கேட்டு அதற்கு முன்பும் மறியல்கள் நடந்திருந்தன. ஒரு நாள் பஸ் ஓடாது, மறுநாள் ஓடும். இந்தத் தடவை ஒரு வாரம் என்று பேசிக்கொண்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கணவரின் தம்பி படித்துவிட்டு மனு போட்டுப் போட்டு விரல் தேய்ந்து, கடைசியில் சேலத்தில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆத்திரம் கணவருக்கு உள்ளேயே கிடந்தது. ஒரு விடியற்காலையில் நாலு பேர் வந்து கூப்பிட்டார்கள். கோடாலியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அவர் போன அன்று சாயங்காலமே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் கன்னம் வீங்கியது. அதற்கு மறுநாள் காலையில் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, கழுத்துப் பக்கம் கல்லாக இருந்தது. வாயைத் திற என்றால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஓரமாக ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை வாய் பார்த்தவள் நான், அந்த வாய்க்குள் என்னால் பார்க்க முடியவில்லை. மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. பல் டாக்டர் இருந்தது கள்ளக்குறிச்சியில். பன்னிரண்டு மைல். பஸ் இல்லை, லாரி இல்லை, மாட்டு வண்டிகூடப் போக முடியாது என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் உள்ளே வந்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சிரித்துக்கொண்டு வந்தவர் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாடி ஆச்சு?"

"ஏன், நீங்க போய் ரோட்டை அடைச்சிட்டு வந்தீங்க இல்ல, அதான் ஆச்சு" என்றேன். "இப்ப எது மேல ஏத்திக்கினு போவ சொல்றீங்க இவள? சொல்லுங்க!"

அவர் சைக்கிளை எடுத்தார். நான் மகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன்.

அந்தச் சாலையை நான் பிறகு ஒருநாளும் அப்படிப் பார்க்கவில்லை. பஸ் சத்தம் இல்லை, ஆரன் இல்லை. தார்ச்சாலை நடுவில் குருவிகள் மேய்ந்தன. இரண்டு பக்கமும் நின்றிருந்த புளியமரங்கள் ஆங்காங்கே சாலைக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தன. இலைகள் இன்னும் வாடவில்லை, பிஞ்சுகள் கிளையோடு தரையில் கிடந்தன. எங்கும் பச்சைப் புளியிலை வாசனை. நிற்கும்போது தலைக்கு மேல் இருந்த நிழல் இப்போது முழங்கால் உயரத்தில் இருந்தது. அதற்குள் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். மேற்கே கல்வராயன் மலை வெளிறிய நீலத்தில் அசையாமல் இருந்தது. இரண்டு நாள் தூங்காத கண்ணுக்கு, நாங்கள் நகர்கிறோமா, மலை நகர்கிறதா என்று தெரியவில்லை. மகளின் சூடு மட்டும் என் மடியில் நிஜமாக இருந்தது.

மரம் வந்தால் இறங்குவோம். அவர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைவார். படுத்திருந்தவர்கள் எழுந்து வந்து மகளைக் கைமாற்றிக் கைமாற்றி அந்தப் பக்கம் சேர்ப்பார்கள். அடிமரத்தின் மேல் ஏறி நின்ற ஓர் ஆள், "மெதுவா, மெதுவா, கழுத்த புடி" என்று சொல்லிக்கொண்டே அவளை வாங்கினார். முந்தின நாள் கோடாலி பிடித்த கைகள். அவ்வளவு மெத்தென்று பிடித்தன. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

கோபம் முழுவதையும் கணவர் முதுகில்தான் இறக்கினேன். வழியெல்லாம் வாய் மூடவில்லை. "ஊர்ல இருக்கறவன் பல்லெல்லாம் நான் பாத்துக்கினு கெடக்கறன். பெத்த புள்ள வலில துடிக்கறப்ப அப்பன்காரன் மரம் வெட்டப் போயிட்டான். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க என் மூஞ்சிலயே முழிக்கக் கூடாது, ஆமா!" அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். வியர்வை முதுகில் ஒழுகியது.

பாதி வழி தாண்டி ஓரிடத்தில், மரம் வருவதற்கு முன்பே சைக்கிளை நிறுத்திவிட்டார். மற்ற மரங்களைவிடப் பெரியது. மூன்று பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதன் பின்னால் இன்னொன்றும் கிடந்தது.

"இது நாங்க வெட்டுனது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவ்வளவு நேரம் பேசிய எனக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. சாலையை விட்டு இறங்கி, தண்ணீர் கட்டியிருந்த நெல்வயல் வழியாகச் சுற்றினோம். அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் முன்னால் நடந்தார். நான் சைக்கிளை வரப்பில் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். சேற்றிலிருந்து காலை இழுக்கும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூச்சு கேட்கிறதா என்று அவர் அடிக்கடி நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். மேடேறிய பிறகு எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. மிச்ச தூரமும் திட்டினேன்.

கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு மாடியில் இருந்தார். கூப்பிட்டதும் இறங்கி வந்தார், நல்ல மனுஷன். மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், கணவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். சீழை வெளியே எடுத்தபோது அவள் போட்ட சத்தத்தில் என் உயிரே திரும்பி வந்தது. சத்தம் போட மூச்சு இருக்கிறதே!

ஊசி போட்டு, அவள் அயர்ந்து தூங்கிய பிறகு டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு வந்திருந்தா நான் பொறுப்பில்லம்மா. கழுத்துக்குள்ள இறங்கியிருக்கும். அது இருக்கட்டும், ஒரு பல் இல்ல, பின்னாடி நாலு பல்லும் ஓட்டை. ராத்திரி படுக்கும்போது குழந்தைக்கு இனிப்பு ஏதாவது குடுக்கறீங்களா?"

"எங்க வூட்ல அந்தப் பேச்சே கெடையாதுங்க டாக்டர்" என்றேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். "கரும்பு தின்னாக்கூட உப்புத் தண்ணி குடுப்பன்."

"பால்? டானிக்? தேன்?"

தேன்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சளி. மலையிலிருந்து வருகிற அந்த அக்காவிடம் வருடம் தவறாமல் ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்குவேன். தினமும் பல் விளக்கி, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, எல்லாம் முடிந்து பாயில் படுத்துக் கண் சொக்கிய பிறகு, அவள் நாக்கில் ஒரு விரல் தேன் தடவுவேன். அவள் சப்பிக்கொண்டே தூங்குவாள். நடுவில் தண்ணீர் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன், மருந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்று. மலைத்தேன் மருந்து. எங்கள் பக்கத்தில் அதை யாரும் இனிப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஐந்து வருடம் ஒரு நாள் விடாமல், என் விரலாலேயே தடவியிருக்கிறேன்.

அந்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.  அப்போது பின்னால் நின்ற கணவர் சொன்னார்.

"தேன் நான்தாங்க குடுப்பேன். சளிக்கு நல்லதுன்னு. இவளுக்குத் தெரியாதுங்க."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அப்புறம் வாங்கினார் பாருங்கள், அப்படி ஒரு திட்டு. சர்க்கரை ஆலையில் வேலை என்கிறாய், இதுகூடவா தெரியாது, அந்தம்மா இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறது, பின்னாலேயே போய்க் கெடுத்து வைத்திருக்கிறாயே என்று. கணவர் காலெல்லாம் சேறு காய்ந்து கிடக்க, தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். இல்லை டாக்டர், நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. பல்லைப் பிடுங்கி, மாத்திரை கொடுத்து அனுப்பினார் டாக்டர். மகளை முன்னால் கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். புளியிலைகள் சுருண்டிருந்தன. வெயில் மரங்களின் மேல் சோம்பலாகக் கிடந்தது. அவர் வெட்டிய மரத்துக்கு முன்னால் இறங்கியபோதுதான் கேட்டேன்.

"ஏங்க அப்டி சொன்னீங்க?"

"வர்றப்ப அவ்ளோ திட்டு வாங்கினு வந்தன். இன்னும் கொஞ்சம் வாங்கனா இன்னா, கரைஞ்சா பூடுவன்?" என்றார். பிறகு மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நீ பல்லுக்காரிடி. உன் பேரு கெட்டா வூடு தாங்காது" என்று சிரித்தார்.

நான் அந்த வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். மறியலில் இருந்த ஓர் ஆள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பல் விளக்கிவிடும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறாள். அரைத் தூக்கத்தில் சப்பிய விரல் யாருடையது என்று அவளுக்கு நினைவில்லை, அப்பா சொன்னதுதான் மனதில் நின்றுவிட்டது. "உங்க தாத்தா இன்னா பண்ணாரு தெரியுமா? உங்க பாட்டிக்குத் தெரியாம தேன் குடுத்துக் குடுத்து என் பல்லெல்லாம் கெடுத்தாரு" என்பாள். பிள்ளைகள் ஓடிப்போய் அவர் மடியில் ஏறி, தேன் திருடன் என்று அவர் கன்னத்தைப் பிடித்து இழுக்கும். அவரும் "ஆமாண்டா, நான்தான்" என்று சிரிக்கிறார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகளே, தேன் கொடுத்தது நான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, எழுதிவிட்டேன்.