அத்தான் ஒட்டிய இறக்கை

அக்காவின் கணவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. தெருவில் அவருக்குப் பெயர் 'பைலட்'. அதிலிருந்த நக்கல் அவருக்கு மட்டும் உறைக்காது. வரைபடம் வாங்கி, ஒரே ஆள் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வீட்டு முன்னறையிலேயே ஒன்பது வருடம் கட்டினார். சோபா மொட்டைமாடிக்குப் போய் மழையில் மக்கியது. அக்கா பசை நெடியிலேயே சமைத்தாள், தூங்கினாள். அந்த வீட்டில் தண்ணீர் குடித்தால்கூட எனக்குக் குமட்டும்.

கட்டி முடிப்பதற்குள் அத்தானுக்குத் தொந்தி வைத்துவிட்டது. விமானம் தாங்குவது எண்பது கிலோ, அவர் நூற்றுநான்கு. விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்த ஒல்லிப்பிச்சான் நான் ஒருவன்தான்.

"முதல்ல நீ ஒரு சுத்து சுத்திட்டு வா மச்சான். நான் அப்புறம் இளைச்சுக்கறேன்."

அக்கா முகத்துக்காகத் தலையாட்டித் தொலைத்தேன்.

பசை கலப்பது அக்காவின் வேலை. கலக்கும்போதெல்லாம் அதே பசையால் மரத்துண்டுகளை ஜோடி ஜோடியாக ஒட்டி, தேதி எழுதி வைப்பாள். காய்ந்தபின் உடைத்தால் மரம்தான் பிளக்க வேண்டும். பசை விட்டுத் துண்டுகள் பிரிந்தால் அன்று ஒட்டிய பாகம் குப்பை.

பறப்பதற்கு முன் கையெழுத்துப் போட ஒரு பரிசோதகர் வந்தார். இறக்கையின் நடுச்சட்டம் ஒட்டிய நாளின் துண்டைக் கேட்டார். அத்தான் பணிவாக நீட்டினார். பரிசோதகர் உடைத்தார், மரம் பிளந்தது. திருப்தியாகப் பேனாவைத் திறந்தார்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் இரண்டு துண்டுகள், சிராய்கூட இல்லாமல் வழவழவென்று பிரிந்திருந்தன.

"சார், அன்னிக்கு ஒட்டினது இது. நேத்து பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில கிடைச்சுது. தேதி என் கையெழுத்து. உங்ககிட்ட இருக்கிறது வேற நாளோடது, இவர் தேதிய மாத்தி எழுதியிருக்கார்."

ஆக, பிரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அந்த இறக்கையை நம்பி மேலே போக இருந்தவன் நான்.

பரிசோதகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று நின்ற என்னைச் சொல்ல வேண்டும். அக்காவிடம் பாய்ந்தார்.

"இவன் ஒரு சுத்து பறந்துட்டு வந்தப்புறம் சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

சீ, இவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனே என்று அருவருத்தது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"வண்டிய எடுடா. நானும் வர்றேன்."