முகத்துவாரத்துச் சூரியனும் ஒரு ஜோடி செருப்பும்

காலை 4.50. கோபாலபுரத்திலிருந்து ஊரூர் குப்பம் எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. இதைப் போய்ப் பயணம் என்கிறாளே என்று சிரிப்பீர்கள். ஆனால் இதற்கு மூன்று வாரம் திட்டம் போட்டேன். தி.நகர் துணிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கும் எனக்குச் செவ்வாய்தான் விடுமுறை. இரண்டு செவ்வாய் போய் இடம் பார்த்து வைத்தேன். மார்ச் மாதத்தில் சூரியன் நேர் கிழக்கே, அடையாறு கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு மேலே வரும்.

ஆட்டோவுக்கு நூற்று எழுபது ரூபாய் பேசினேன்.

“இன்னாக்கா, இந்நேரத்துல பீச்சுக்கா?”

“இல்லப்பா, ஆத்தப் பாக்க.”

“ஆத்தையா? நாங்கல்லாம் அந்தப் பாலத்துல மூக்கப் புடிச்சிக்கினு போறோம், நீ துட்டு குட்த்து பாக்கப் போற!”

மயிலாப்பூர், மந்தைவெளி வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் ஸ்டெல்லா இருந்திருந்தால் சரியான பதில் கொடுத்திருப்பாள்.

ஸ்டெல்லா பதினொரு வருடம் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள். இந்த ஆற்றின் அக்கரையில், பட்டினப்பாக்கத்தில் பிறந்த மீனவர் வீட்டுப் பெண். நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் முடிவாகி வந்து சொன்னபோது, “இந்த வயசுல உனக்கு இது தேவையா?” என்று கேட்டுவிட்டேன். நவம்பரில் தூத்துக்குடிக்குப் போனவள் அதன்பின் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்தச் சூரியோதயம் இருவரும் வருடாவருடம் போகலாம் என்று சொல்லித் தள்ளிப்போட்டது. நல்லதாக ஒரு படம் கிடைத்தால் அதை அனுப்பிப் பேச்சைத் தொடங்கலாம், மன்னிப்பு கேட்காமலே தப்பித்துவிடலாம் என்பது என் கணக்கு.

5.45. புழக்கத்தில் இல்லாத பழைய உடைந்த பாலத்துக்கு அப்பால், ஆற்றோர மணலில் ட்ரைபாடை நிறுத்தினேன். இன்னும் சரியாக விடியவில்லை. என்னைத் தவிர ஒரு நாய் மட்டும் இருந்தது, அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது பழகிவிட்டது. ஒரு நல்ல காட்சிக்கு முன்னால் தனியாக நிற்பதுதான் பழகவில்லை.

6.10. கிழக்கு சிவந்தது. கேமராவில் கண்ணை வைத்தேன்.

“யக்கா! வல மேல செருப்போட நிக்கிற!”

லுங்கியை மடித்துக் கட்டிய மீனவர் ஒருவர் ஓடி வந்தார். குனிந்து பார்த்தால் காலடியில் விரித்துக் காயப்போட்ட நைலான் வலை. பதறி நகர்ந்ததில் ட்ரைபாடின் கால் வலையில் மாட்டி, கேமராவோடு சாய்ந்தது.

“ஆடாத. ஆடுனா இன்னும் சிக்கும்.”

“அறுத்துடுங்க, நான் காசு கொடுத்துடறேன்.”

“அறுக்கறதா? சோறு போடுதுக்கா இது. அதான் நாங்க செருப்ப அங்கியே வுட்டு வர்றோம்.”

செருப்பைக் கழற்றி மணலில் வீசினேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக எடுத்துவிட்டார். நானும் அவர் எதிரே மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் குனிந்திருந்த அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூரியன் வந்து, சிவப்பெல்லாம் போய், கண் கூசும் வெள்ளையாகிவிட்டது.

“ஃபோட்டோ பூட்ச்சா?”

“போச்சு. மன்னிச்சுக்குங்க அண்ணா, தெரியாம மிதிச்சுட்டேன்.”

“சரி வுடுக்கா. நாளிக்கு வாயேன், சூரியன் எங்க போவப் போவுது?”

முன்பின் தெரியாதவரிடம் மன்னிப்பு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அதிலும் தெரியாமல் என்றது பாதிப் பொய்; வலை கிடந்தது தெரியாது, வழக்கம் தெரியும். முதல் வருடம் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனபோதே ஸ்டெல்லா சொல்லியிருந்தாள், வலையைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்று.

வலையையும், தள்ளிக் கிடந்த என் செருப்பையும் கைபேசியில் படமெடுத்தேன். “செருப்போட வலைய மிதிச்சுட்டேன். அன்னிக்கு உங்கிட்ட சொன்னதும் தப்பு. மன்னிச்சுடு” என்று எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

7.25. பெசன்ட் நகரில் பேருந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. அவள் செய்தியைப் பார்த்திருந்தாள், பதில் இல்லை. அடையாற்றுப் பாலத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மந்தைவெளி தாண்டும்போது கைபேசி அதிர்ந்தது.

“வெறுங்கால்ல நின்னியே, மீன் முள்ளு குத்திச்சா?”

பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குத்தியிருந்தது. ரத்தம்கூடக் காய்ந்திருந்தது. அதுவரை எனக்கே தெரியவில்லை.