மூச்சு பட்டதும் புகைந்த கிண்ணங்கள்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்புத் தொழிற்சாலையின் பின்புறம், சரக்கு அடுக்கும், மழையில் ஊறிய மரப் பேலட்டில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. பெயின்ட் அடிக்கும் செல்வி சிந்திவிட்டாள் என்று எல்லோர் முன்பும் திட்டி, மெமோவும் எழுதிவிட்டேன்.

மற்றவர்கள் கலைந்ததும், “இன்னும் டப்பாவையே தொறக்கல சார். கிட்ட போயி இன்னான்னு பாருங்க,” என்றாள்.

பெயின்ட் வாடையைக் காட்டிவிடலாம் என்று முகரக் குனிந்தேன். சட்டைப் பொத்தான் அளவில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள்! என் மூச்சு பட்டதும் அவற்றிலிருந்து வெண்புகை எழுந்தது.

“உசுரு இருக்குது சார்!”

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

செத்த மரத்தில் முளைக்கும் கிண்ணக் காளான் அது, புகையாய்ப் பறந்தவை அதன் வித்துகள் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தேன். மெமோவைக் கிழித்தேன்.

திட்டியது எல்லோர் முன்பும். மன்னிப்புக் கேட்டது அந்தக் கிண்ணங்களின் முன்பு மட்டும்தான்.